தமிழ் வழியே வரும் ஆங்கிலப் பிழைகள்: எதை முதலில் திருத்துவது?

கரும்பலகை (தொடக்கப் பதிவு)

மன்றத்து நண்பர்களுக்கு வணக்கம். கலைக்கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குப் பொது ஆங்கிலம் கற்பிக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள். அவர்களுடைய கட்டுரைத் தாள்களைத் திருத்தும்போது ஒன்று தெளிவாகப் புலப்படுகிறது: வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆசிரியர்களிடம் படித்துவிட்டு வந்தவர்கள் ஒரே பிழையை ஒரே இடத்தில் செய்கிறார்கள். கவனக்குறைவினால் வரும் பிழை இப்படி ஒழுங்காக வராது. ஆகவே 'இலக்கணம் தெரியவில்லை' என்று அந்தப் பிள்ளைகளைக் கடிந்துகொள்வது நியாயமில்லை என்றும், அவர்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த ஓர் இலக்கணம், அதாவது தமிழ் இலக்கணம், ஆங்கில வாக்கியத்துக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது என்றும் கருதுகிறேன். அப்படியானால் திருத்தும் வழியையும் தமிழிலிருந்தே தொடங்கலாம் அல்லவா? இதைப் பற்றி உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன். மன்றத்தின் வழக்கப்படி ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

முதலில் 'எ', 'தி' என்னும் சுட்டிடைச் சொற்களை எடுத்துக்கொள்கிறேன். தாள்களில் மிகுதியாகக் காணப்படும் பிழை இதுதான். 'ஹி இஸ் டாக்டர்' என்று எழுதி 'எ'யை விட்டுவிடுவார்கள்; 'தி சொசைட்டி', 'தி நேச்சர்' என்று வேண்டாத இடத்தில் 'தி'யைச் சேர்ப்பார்கள். தமிழில் இவற்றுக்கு ஈடே இல்லை, மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை என்று வகுப்பில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் 'தி' உணர்த்தும் பொருளைத் தமிழ் வேறோர் இடத்தில் உணர்த்துகிறது. கரும்பலகையில் இரண்டு வாக்கியங்களை எழுதுவேன்: 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்'. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், வகுப்பில் கடைசி இருக்கையில் இருப்பவர்கூட, இரண்டாவது வாக்கியத்தைக் கேட்பவருக்கு அது எந்தப் புத்தகம் என்பது முன்பே தெரியும் என்று சொல்லிவிடுவார். அஃறிணைப் பெயரோடு 'ஐ' உருபு வெளிப்பட்டு நிற்பதற்கும் மறைந்து நிற்பதற்கும் உள்ள வேறுபாடுதான், பெரும்பாலான இடங்களில், 'ஐ பாட் தி புக்' என்பதற்கும் 'ஐ பாட் எ புக்' என்பதற்கும் உள்ள வேறுபாடு. இதைக் காட்டிய பிறகு மாணவர்கள் விதியைத் தேடுவதில்லை, 'கேட்பவருக்குத் தெரியுமா?' என்று தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள்.

இதற்கு எல்லை உண்டு. உயர்திணைப் பெயர் செயப்படுபொருளாக வந்தால் 'ஐ' கட்டாயம். 'ஒரு பையனைப் பார்த்தேன்' என்றுதான் சொல்லியாக வேண்டும். அங்கே இந்த உத்தி பயன்படாது. எழுவாய் இடத்திலும் பயன்படாது. ஆயினும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வாயில் எனக்குக் கிடைக்கவில்லை. மற்ற பிழைகளுக்கும் இத்தகைய வாயில்கள் இருக்கின்றனவா? எந்தப் பிழையை முதலில் திருத்த வேண்டும்?

மெய்ப்புநோக்கி

ஐயா, 'ஐ' உருபைக் கொண்டு 'தி'யை விளக்கியது நன்று. எனினும் உங்கள் கடைசிக் கேள்விக்கு என் விடை வேறு. பல ஆண்டுகளாக அலுவலகக் கடிதங்களையும் அறிக்கைகளையும் திருத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'எ', 'தி' விடுபட்டால் வாக்கியம் அழகு குறையும், ஆனால் பொருள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும். பொருளையே மாற்றிவிடும் பிழைகளைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 'எல்லாக் கோப்புகளும் வரவில்லை' என்று நாம் சொன்னால் ஒரு கோப்பும் வரவில்லை என்றே பெரும்பாலும் கொள்கிறோம். இதை அப்படியே 'ஆல் தி ஃபைல்ஸ் ஹேவ் நாட் கம்' என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கும் வெளியூர்க்காரர் சில கோப்புகள் வந்துவிட்டன, மீதி வரவில்லை என்று எண்ணிக்கொள்ளக்கூடும். நான் திருத்திய ஒரு கடிதத்தில் 'போத் தி செக்ஸ் ஆர் நாட் சைன்டு' என்று இருந்தது. இரண்டு காசோலைகளிலும் கையொப்பம் இல்லை என்பது எழுதியவரின் கருத்து. பெற்றவரோ ஒன்றில் இருக்கிறது, ஒன்றில் இல்லை என்று கொண்டு, கையொப்பமிட்டதை மட்டும் அனுப்புங்கள் என்று பதில் எழுதியிருந்தார். 'நீதர் செக் இஸ் சைன்டு' என்று எழுதியிருந்தால் இந்தக் கடிதப் போக்குவரத்துக்கே இடமில்லை. 'இரண்டும் இல்லை' என்பதற்கு 'நீதர்', 'எதுவும் இல்லை' என்பதற்கு 'நன்' அல்லது 'நோ': இதைப் பள்ளியில் அழுத்தமாகக் கற்பிப்பதை நான் பார்த்ததேயில்லை. 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதக்கூடாது என்பதை மட்டும் எல்லோரும் கற்பிக்கிறார்கள். 'பற்றி' என்னும் சொல் கூடுதலாக ஒட்டிக்கொண்டதால் யாருக்கும் இழப்பு ஏற்பட்டதில்லை.

ஒலியன்

மொழியியல் ஆய்வு மாணவன் என்ற முறையில் இடையே ஒரு குறிப்பு. கரும்பலகை ஐயா சொல்வது 1957-இல் மொழியியலாளர் ராபர்ட் லாடோ முன்வைத்த கருத்துக்கு மிக அருகில் இருக்கிறது. தாய்மொழியையும் கற்கும் மொழியையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எங்கே இடர்ப்பாடு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது அந்தக் கருத்து. பத்தே ஆண்டுகளில், 1967-இல், பிட் கோர்டர் வேறொரு கோணத்தைக் காட்டினார். களைப்பிலோ அவசரத்திலோ நேரும் தவறு வேறு, கற்பவர் தம் மனத்தில் கட்டிக்கொண்ட விதியிலிருந்து வரும் பிழை வேறு என்று அவர் பிரித்தார். பின்னது, கற்பவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை ஆசிரியருக்குக் காட்டும் சான்று என்றார். 1972-இல் லாரி செலிங்கர், தாய்மொழிக்கும் கற்கும் மொழிக்கும் நடுவே கற்பவர் நிற்கும் அந்த நிலைக்கு 'இடைமொழி' என்னும் பொருள்படும் பெயரையே கொடுத்தார்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லாப் பிழைகளும் தமிழிலிருந்து வரவில்லை. 'ஹி கோ', 'ஷி ரைட்' என்று இறுதி 'ஸ்'ஸை விட்டுவிடும் பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று ஒவ்வொரு வினைமுற்றிலும் திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டிப் பழகிய தமிழருக்கு ஒரே ஒரு 'ஸ்' எளிதாக வந்திருக்க வேண்டும். வருவதில்லை. வினைக்கு விகுதியே இல்லாத சீன மொழியைப் பேசுபவரும் இதே பிழையைச் செய்கிறார். விகுதி நிறைந்த ஸ்பானிய மொழியைப் பேசுபவரும் செய்கிறார். அதுபோலவே 'ஆல்தோ இட் ரெயின்டு, பட் ஹி கேம்' என்பதும். 'மழை பெய்தாலும் வந்தார்' என்று தமிழில் ஒரே இடத்தில்தான் முரணைக் குறிக்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் குறிக்கும் பழக்கத்தைத் தமிழ் தரவில்லை. தமிழைக் குற்றவாளியாகவோ மருந்தாகவோ எல்லா இடத்திலும் கொண்டு வந்து நிறுத்தினால் நாம் ஏமாந்துபோவோம்.

வடமராட்சி ஆசிரியை

வணக்கம். யாழ்ப்பாணத்தில் சாதாரண தரப் பொதுத் தேர்வு வகுப்புகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஒலியன் சொல்வதை ஏற்கிறேன். எனினும் தமிழிலிருந்தே நேராக வந்து, மெய்ப்புநோக்கி அவர்கள் சொன்னதுபோலப் பொருளையும் மாற்றிவிடும் ஒரு பிழையை இங்கே பதிய வேண்டும்.

'நாளைக்கு நான் வருகிறேன் என்று அண்ணா சொன்னார்.' இந்த வாக்கியத்தில் வரப்போவது யார்? அண்ணா. 'என்று' என்னும் சொல் அண்ணா பேசியதை அவர் வாயிலிருந்து வந்தபடியே எடுத்து வைக்கிறது. 'நான்' மாறத் தேவையில்லை, காலமும் மாறத் தேவையில்லை. என் மாணவர்கள் இதை 'மை பிரதர் டோல்ட் தட் ஐ ஆம் கமிங் டுமாரோ' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு எழுதியவரே நாளைக்கு வருகிறார் என்று பொருள் ஆகிவிடுகிறது. 'தட்' என்பது 'என்று' அல்ல. பேச்சை மேற்கோள் குறிக்குள் வைத்தால் ஒழிய, ஆங்கிலத்தில் அந்தப் பேச்சு சொல்பவரின் பார்வைக்கு மாற வேண்டும்: 'மை பிரதர் செட் தட் ஹி வாஸ் கமிங் தி நெக்ஸ்ட் டே'. கூடவே, 'டோல்ட்' என்றால் யாரிடம் என்பதும் வர வேண்டும். 'சொன்னார்' என்பது 'என்னிடம்' இல்லாமலே நிற்கும், 'டோல்ட்' நிற்காது. நேர்கூற்று, அயற்கூற்று என்று பாடநூலில் தனி அதிகாரமே இருக்கிறது. அதில் பிள்ளைகள் ஒரு வாக்கியத்தை மற்றதாக மாற்றும் பயிற்சியில் முழுப் புள்ளியும் எடுப்பார்கள். அடுத்த பக்கத்தில் கடிதம் எழுதும்போது பழைய பிழையே வந்து நிற்கும். பயிற்சிக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

கரும்பலகை ஐயா கேட்ட வாயிலுக்கு ஒன்று தருகிறேன். 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்னும் பிழை எல்லோரும் அறிந்தது. தமிழில் '2019 முதல்' என்கிறோம், 'மூன்று ஆண்டுகளாக' என்கிறோம். 'மூன்று ஆண்டுகள் முதல்' என்று ஒருவரும் சொல்வதில்லை. தொடங்கிய புள்ளிக்கு 'முதல்', நீண்ட காலத்துக்கு 'ஆக'. 'சின்ஸ்' முன்னதற்கு, 'ஃபார்' பின்னதற்கு. பிள்ளைகளிடம் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொன்னால் போதும், சரியான சொல் தானாக அமைகிறது.

இரவுப்பணி

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு எழுதும் பணியில் இருக்கிறேன். இந்த இழையில் இதுவரை வராத ஒரு கேள்வி: எதைப் பிழை என்கிறோம்? 'ப்ரீபோன்' என்பதை ஒரு காலத்தில் பிழை என்றார்கள். இன்று ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 'டுடே இட்செல்ஃப்' என்பதில் நம் 'இன்றே' ஒலிக்கிறது, 'தேர் ஒன்லி' என்பதில் 'அங்கேதான்' ஒலிக்கிறது. சென்னையில் எழுதிச் சென்னையில் படிக்கும் மின்னஞ்சலில் இவை எந்தக் குழப்பமும் தருவதில்லை. கோடிக்கணக்கானோர் நாள்தோறும் எழுதி, படித்து, புரிந்துகொள்ளும் ஒரு வழக்கை வெறும் பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் படிப்பவர் மாறும்போது நிலை மாறுகிறது. எங்கள் குழுவில் ஒருவர், நிரலில் செய்த ஒரு மாற்றத்தைப் பற்றி வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்குக் கீழே, 'ஐ வில் ரிவர்ட் டுமாரோ' என்று எழுதினார். நாளைக்குப் பதில் தருகிறேன் என்பது அவர் கருத்து. நிரலாளர் வழக்கில் 'ரிவர்ட்' என்றால் செய்த மாற்றத்தை நீக்கி முன்னிருந்த நிலைக்குக் கொண்டு போவது. சரியாக ஓடிக்கொண்டிருப்பதை ஏன் நீக்குகிறீர்கள் என்று வாடிக்கையாளர் பதற்றத்தோடு எழுதினார். 'ஐ ஹேவ் எ டவுட்' என்பதும் இப்படித்தான். நமக்கு அது விளக்கம் வேண்டி எழுப்பும் கேள்வி. அவர்கள் காதில் நம்பிக்கையின்மையாக விழுகிறது. 'பாஸ்டு அவுட் இன் 2018' என்பதை மயங்கி விழுந்தார் என்று கொள்வார்கள். பிரிட்டனில் படைப்பயிற்சி முடித்தவர்களுக்கு அச்சொல் வழங்கினாலும், கல்லூரி முடித்தவருக்கு வழங்குவதில்லை. ஆகவே இவற்றைப் பிழைப் பட்டியலில் சேர்க்காமல், யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டிய சொற்கள் என்று தனியே கற்பிக்கலாம்.

மெய்ப்புநோக்கி

நண்பர் இரவுப்பணி சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் ஏற்க இயலவில்லை. வழக்கு என்னும் பெயரில் 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்' என்பதையும் ஏற்றுக்கொள்ளச் சொல்வோர் இருக்கிறார்கள். 'என் நண்பர் ஒருவர்' என்னும் ஒருமை அங்கே வந்து அமர்ந்துவிடுகிறது. 'என் நண்பர்களில் ஒருவர்' என்று தமிழிலும் பன்மை கொடுத்துச் சொல்ல முடியுமே! அங்கே 'ஃபிரெண்ட்ஸ்' என்பதுதான் சரி. இந்திய ஆங்கிலத்தைச் செம்மையாக எழுதுபவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். சொல் வழக்குக்கு இடம் கொடுப்போம். தொடரின் எலும்பு முறிவதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

எச்சவியல்

நான் தமிழாசிரியன். ஆங்கில இழையில் எனக்கென்ன வேலை என்று ஒதுங்கி நின்று படித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகை அவர்களின் முதல் பதிவு என்னை எழுத வைத்தது.

தமிழ் வாக்கியம் வினையெச்சங்களால் நீள்வது. 'காலையில் எழுந்து, குளித்து, உண்டு, பேருந்தைப் பிடித்து, கல்லூரிக்கு வந்தேன்' என்பதில் வினைமுற்று ஒன்றுதான். மற்றவை அதை நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. மாணவர் இதை ஆங்கிலமாக்கும்போது ஒவ்வோர் எச்சத்தையும் ஒரு முற்றாக ஆக்கி, நடுவே காற்புள்ளி மட்டும் இட்டு, 'ஐ காட் அப், ஐ டுக் பாத், ஐ ஏட், ஐ காட் தி பஸ்' என்று தொடர்ந்துவிடுகிறார். முற்றுகளைக் காற்புள்ளியால் மட்டும் கோத்துக்கொண்டே போவதை ஆங்கிலம் ஏற்பதில்லை என்று என் சக ஆங்கில ஆசிரியர் சொல்வார். முற்றுப்புள்ளியை எங்கே இடுவது என்னும் குழப்பம், முற்று எது எச்சம் எது என்று பிரித்தறியாததால் வருகிறது. அதைத் தமிழ் வகுப்பிலேயே தீர்த்துவிடலாம்.

இன்னொன்று இதைவிட முக்கியம். 'ரீடிங் தி ரிப்போர்ட், மெனி எரர்ஸ் வேர் ஃபவுண்ட்' என்னும் அமைப்பை ஆங்கில ஆசிரியர்கள் பிழை என்பார்கள். அறிக்கையைப் படித்தது பிழைகளா என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைத் தொல்காப்பியர் முன்பே கேட்டிருக்கிறார். வினையெச்ச வாய்பாடுகளுள் முதல் மூன்றாகிய செய்து, செய்யூ, செய்பு என்பன 'வினைமுதல் முடிபின' என்கிறார். எச்சத்துக்கு உரிய எழுவாயே முற்றுக்கும் எழுவாயாக வர வேண்டும் என்பது அதன் கருத்து. 'அறிக்கையைப் படித்து, பல பிழைகள் தெரிந்தன' என்பது தமிழிலும் வழுவே. 'படித்தபோது தெரிந்தன' என்றால் வழுவில்லை. 'செய' என்னும் எச்சத்துக்கோ வேறு எழுவாய் வரலாம்: 'மழை பெய்ய நெல் விளைந்தது.' தமிழில் எந்த எச்சம் எந்த முற்றைக் கொள்ளும் என்று அறிந்த மாணவருக்கு ஆங்கிலத்தின் இந்த விதி புதியதாகத் தோன்றாது. தமிழ் இலக்கணத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்க வைத்துவிட்டு, அது பயன்பட வேண்டிய இடத்தில் பயன்படுத்தாமல் விடுகிறோம் என்பதே என் வருத்தம்.

வேலைதேடி

பெரியவர்களுக்கு வணக்கம். வணிகவியல் பட்டதாரி. கணக்கர் வேலைக்கு அனுப்ப எழுதிய விண்ணப்பத்தின் முதல் மூன்று வரிகளைக் கீழே தருகிறேன். திருத்தித் தர வேண்டுகிறேன்.

'ஐ ஆம் ஹேவிங் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் இன் அக்கவுண்ட்ஸ். ஐ ஆம் வொர்க்கிங் இன் எ டெக்ஸ்டைல் ஷாப் சின்ஸ் த்ரீ இயர்ஸ். இஃப் யூ வில் கிவ் மீ எ சான்ஸ், ஐ வில் ஒர்க் சின்சியர்லி.'

கரும்பலகை

தம்பி, மூன்று வரிகளிலும் நீங்கள் சொல்ல வந்தது தெளிவாக இருக்கிறது. 'எ டெக்ஸ்டைல் ஷாப்', 'எ சான்ஸ்' என்று 'எ'யைச் சரியான இடத்தில் இட்டிருக்கிறீர்கள். இனித் திருத்தங்கள்.

'ஐ ஆம் ஹேவிங்' என்பது 'ஐ ஹேவ்' என்று ஆக வேண்டும். 'படிக்கிறேன்' என்னும் ஒரே வினைமுற்று, வழக்கமாகப் படிப்பதையும் இந்த நொடியில் படித்துக்கொண்டிருப்பதையும் தமிழில் குறிக்கும். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரிக்கிறது. நிகழ்காலம் என்றாலே 'ஆம்', 'இங்' இரண்டையும் சேர்க்கும் பழக்கம் நமக்கு அதனால் வருகிறது. அனுபவம் உடைமை; அது நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல. 'இயர்ஸ்' என்பதன் இறுதி எழுத்துக்குப் பின் மேற்குறி இட வேண்டும்; அது கடினமாகத் தோன்றினால் 'த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதிவிடுங்கள்.

இரண்டாம் வரிக்கு வடமராட்சி ஆசிரியை வழி சொல்லிவிட்டார். 'மூன்று ஆண்டுகளாக' என்பதால் 'ஃபார்'. தொடங்கியது அன்று, தொடர்வது இன்று என்பதால் வினையும் மாறும்: 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் இன் எ டெக்ஸ்டைல் ஷாப் ஃபார் த்ரீ இயர்ஸ்'.

மூன்றாவதில் 'இஃப் யூ கிவ் மீ எ சான்ஸ்' என்பதே போதும். 'கொடுத்தால்' என்னும் எச்சம் தனக்கென்று காலம் காட்டுவதில்லை. வாய்ப்பு இனிமேல்தான் வரும் என்பதால் நீங்கள் எதிர்காலத்தை வெளிப்படையாகச் சேர்க்க நினைத்திருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் 'இஃப்' பகுதியில் நிகழ்கால வடிவமே எதிர்காலத்துக்கும் நிற்கும். 'வில்' அடுத்த பகுதியில் வந்தால் போதும். இலக்கணம் கடந்து ஒரு யோசனை: அந்த வரியையே நீக்கிவிட்டு, அந்தத் துணிக்கடையில் என்னென்ன கணக்குகளைப் பார்த்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். வேலை தருபவர் அறிய விரும்புவது அதுதான்.

ஒலியன்

இந்தத் திருத்தம் எனக்கு நிறைவளித்தது. ஆனால் இதையே அறுபது தாள்களுக்குச் செய்ய முடியுமா என்பது கேள்வி. 1996-இல் ஜான் ட்ரஸ்காட், இரண்டாம் மொழி எழுத்தில் இலக்கணப் பிழைகளைத் திருத்திக் கொடுப்பதால் பயன் இல்லை, தீங்கும் உண்டு, ஆகவே அதைக் கைவிட வேண்டும் என்று வாதிட்டார். 1999-இல் டேனா ஃபெரிஸ் அதை மறுத்து, விதி சொல்லி விளக்கக்கூடிய பிழைகளைத் தேர்ந்தெடுத்துத் தெளிவாகச் சுட்டினால் பயன் கிடைக்கும் என்றார். பக்கம் முழுவதும் சிவப்பாக்கிக் கொடுப்பது இவ்விருவரில் எவர் சொன்ன வழியும் அல்ல.

வடமராட்சி ஆசிரியை

நான் ஒரு கட்டுரையில் ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துகிறேன். இந்த வாரம் அயற்கூற்று என்றால் மற்றவற்றைத் தொடுவதில்லை. பிழையான இடத்தில் கோடிட்டு விடுவேன்; சரியான வடிவத்தை எழுதித் தர மாட்டேன். பிள்ளையே எழுதிக் கொண்டு வர வேண்டும். பெற்றோர் சிலர் 'ஆசிரியை பிழைகளைப் பார்க்காமல் விடுகிறார்' என்று குறைபட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கும் இதை விளக்க வேண்டியிருக்கிறது.

வேலைதேடி

ஐயா, மிக்க நன்றி. வரிகளை மாற்றிவிட்டேன். கடை வரவு செலவு, சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்கு ஆகியவற்றைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். ஒரு கேள்வி மட்டும். ஊர்ப் பெயருக்கு முன் 'தி' வருமா? என் முகவரிப் பகுதியில் 'நியர் தி காவேரி' என்று எழுதியிருந்ததை ஒருவர் அடித்துவிட்டார்.

கரும்பலகை

அடித்திருக்க வேண்டாம். ஆறுகளின் பெயருக்கு முன் 'தி' வரும்: 'தி காவேரி', 'தி வைகை'. மலைத்தொடருக்கும் வரும்: 'தி நீலகிரீஸ்'. அந்தத் தொடரில் உள்ள தனிச் சிகரமாகிய தொட்டபெட்டாவுக்கு வராது. கடலுக்கு உண்டு: 'தி பே ஆஃப் பெங்கால்'. ஊருக்கும் நகருக்கும் பொதுவாக வராது. திருச்சி வெறும் திருச்சிதான். இங்கே 'ஐ' உருபு உதவாது, தம்பி. இவற்றைப் பார்த்துப் பார்த்துப் பழக வேண்டியதுதான். முகவரியில் 'நியர் தி காவேரி' என்பதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.